தெருவுக்கு ஒரு சங்கம்



தங்கவயலில் எந்தத் தெருவில் நின்று எந்தக் குறையைப் பேசினாலும், "கம்பெனி இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?" என்று ஒரு பெரியவர் சொல்லாமல் இருக்க மாட்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், விளக்குக் கம்பம் இருண்டு கிடந்தாலும், சாக்கடை வழிந்து வாசலுக்கு வந்தாலும் இதே பேச்சுதான். பாரத் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் ஆகிறது. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று கல்யாண வயது. அந்தப் பிள்ளைக்கும் நாம் சொல்லிக் கொடுத்திருப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். போனவர்களை எண்ணிப் பெருமூச்சு விடுவதால் சாக்கடை அடைப்பு நீங்கிவிடாது. இனி நம் தெருவை நாமே கட்டிக் காக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தெருவும் ஒரு சங்கமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கம்பெனி நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வேலை தொடங்கினார்கள். 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905-இல்தான். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. சுரங்கத்தை ஒட்டிய நெரிசலைக் குறைப்பதற்காக நேர் நேராகத் தெரு போட்டு ஒரு புதிய ஊரும் எழுந்தது. அப்போது மைசூர் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரைச் சூட்டினார்கள். அதுதான் நம் ராபர்ட்சன்பேட்டை.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ரயில், மின்சாரம், தண்ணீர் ஆகிய மூன்றும் முதலில் சுரங்கத்துக்காக வந்தவை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது, வரிசை வரிசையாக மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறை வீடு. அதற்கு 'லைன்' என்று பெயர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர், சொந்த ஊரில் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்கள். அவர்கள் வாழ்ந்தது அந்த லைன்களில்தான். கம்பெனி கொடுத்தது, நாம் வாங்கிக்கொண்டோம். கொடுக்காதபோது மனு எழுதினோம். அந்த மனு எழுதும் பழக்கம்தான் இன்றும் நம்மை விடவில்லை. கம்பெனிக்குப் பதில் நகராட்சி, எம்.எல்.ஏ., எம்.பி. என்று முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

லைன் மக்கள் தாங்களே கட்டியவை

தங்கவயலுக்கு இன்னொரு வரலாறு உண்டு. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் இருந்தன. எம்.ஒய்.முருகேசம், ஈ.குருசாமி போன்றவர்கள் அவற்றை நடத்தினார்கள். பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சுரங்கத்தில் உழைத்த எளிய மக்கள். தங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும், தாங்கள் மானத்தோடு வாழ வேண்டும் என்பதற்காக அவர்கள் தாங்களாகவே கூடினார்கள். பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' ஏடு அவர் மறைவுக்குப் பின் தடைப்பட்டபோது, 1926 முதல் ஜி.அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து அதை நடத்தியது தங்கவயலிலிருந்துதான். பண்டிதருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றிய சித்தார்த்தா அச்சகமும் சாம்பியன் ரீப்பில் இருந்ததே. தட்டி வீட்டில் வாழ்ந்தவர்கள் அச்சகம் வைத்திருந்தார்கள்! இதை எந்தக் கம்பெனியும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். தொழிலாளர்கள் அனைவரும் கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நின்றது. அப்போது அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் எதுவும் இங்கே கிடையாது. பெயர் பெற்ற தலைவரும் கிடையாது. பின் எப்படி அத்தனை பேர் ஒன்றாக நின்றார்கள்? லைன்தான் அவர்களுடைய சங்கமாக இருந்தது என்று நான் கருதுகிறேன். பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது சுவருக்கு இப்பால் இருப்பவருக்குத் தெரியும். ஒருவர் வீட்டு அரிசி தீர்ந்தால் இன்னொருவர் வீட்டுப் பானையிலிருந்து வரும். அந்த நெருக்கம் இல்லாத கூட்டம் மூன்று நாள் தாங்காது.

ஆக, தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வது தங்கவயல் மக்களுக்குப் புதிய வித்தை அல்ல. கைவிட்டுப் போன வித்தை. அதைத் திரும்பப் பழக வேண்டும், அவ்வளவே.

கிராமத்துக்கு உண்டு, நமக்கு இல்லை

இன்று இதற்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். நகராட்சி இருக்கிறது, உறுப்பினர் இருக்கிறார், போதாதா?

1993-இல் நடைமுறைக்கு வந்த இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்களைக் கவனியுங்கள். 73-ஆவது திருத்தம் கிராமத்துக்குக் கிராமசபை கொடுத்தது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நகரங்களுக்கான 74-ஆவது திருத்தத்தில் அப்படி ஒன்று இல்லை. வார்டு கமிட்டி உண்டு. ஆனால் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அது கட்டாயம். 2011 கணக்கெடுப்பின்படி நம் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். எனவே பக்கத்துக் கிராமத்துக் குடியானவருக்குச் சட்டப்படி எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு சபை இருக்கிறது; ராபர்ட்சன்பேட்டைக் குடிமகனுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுப் போடும் பெட்டி மட்டும்தான். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். நல்லதே. நம் ஊரில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், தடுக்கவும் இல்லை. முப்பது வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேப்பமரத்தடியில் கூடுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

முப்பது வீடு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயில் பாதையைக் காப்பாற்றுவது தலைமை அலுவலகம் அல்ல. சுமார் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கேங் உண்டு. அந்தத் தூரத்தைத் தினமும் ஒரு கீமேன் நடந்து பார்ப்பார். தளர்ந்த சாவியை அங்கேயே சுத்தியால் அடித்து இறுக்குவார். தன்னால் முடியாததை மேலே தெரிவிப்பார். அவருக்கு அந்த ஆறு கிலோமீட்டரில் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு பாலமும் மனப்பாடம். அவர் பொறுப்பில் நூறு கிலோமீட்டரைக் கொடுத்துப் பாருங்கள். எதுவும் உருப்படாது. தெருவும் அப்படித்தான். வார்டு என்பது பெரிது. அங்கே முகம் தெரியாது. முப்பது வீடு என்றால் யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த மூலையில் சாக்கடை அடைக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால்தான் பொறுப்பு வரும்.

கராச்சி கற்றுத் தரும் பாடம்

பாகிஸ்தானில் கராச்சி நகரை ஒட்டி ஓரங்கி என்ற மிகப் பெரிய ஏழைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற பெரியவர் ஒரு வேலையைத் தொடங்கினார். தெருவெல்லாம் கழிவுநீர், அரசாங்கம் வரும் வரும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் மக்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தை ஒரு அலகாக வைத்தார். சந்துக்காரர்களே கூடித் தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வீடு பணம் வசூலித்தார். அமைப்பிலிருந்து அளவெடுத்துக் கொடுத்தார்கள், வரைபடமும் மதிப்பீடும் போட்டுக் கொடுத்தார்கள், கருவிகளைக் கடன் கொடுத்தார்கள். தோண்டியதும் குழாய் போட்டதும் பணம் போட்டதும் மக்கள். இடையில் காண்டிராக்டர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது. ஆயிரக்கணக்கான சந்துகளில் இந்த வேலை பரவியது.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் பிரித்துக்கொண்ட விதம். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிளைக் குழாய் ஆகியவை உள்வேலை. அது எங்கள் பொறுப்பு. பெரிய கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் வெளிவேலை. அது அரசாங்கத்தின் பொறுப்பு. 'நாங்கள் எங்கள் வேலையை முடித்துவிட்டோம், நீங்கள் உங்கள் வேலையை எப்போது முடிப்பீர்கள்?' என்று கணக்கோடும் வரைபடத்தோடும் கேட்பவனுக்கு அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டும். கையேந்தி நிற்பவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலை எல்லாருக்கும் இனிப்பதுமில்லை. அந்த அமைப்பை வழிநடத்திய பர்வீன் ரஹ்மான் என்ற அம்மையார் 2013-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகள் தங்கள் நிலத்தையும் குழாயையும் தாங்களே அளந்து வைத்திருப்பது சிலருக்கு அவ்வளவு இடைஞ்சலாக இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழை நகராட்சியில் 1990-களின் தொடக்கத்தில் ஏழைப் பெண்களைப் பக்கத்து வீட்டுக் குழுக்களாகச் சேர்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1998-இல் மாநிலம் முழுவதற்குமாகக் குடும்பஸ்ரீ வந்தது. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அயல்கூட்டம் அடிப்படை. அவை வார்டு அளவில் சேர்கின்றன, பின்பு ஊர் அளவில் சேர்கின்றன. அடிக்கல் கீழே இருப்பதால் கட்டடம் நிற்கிறது. நாமோ முதலில் மாநிலத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு உறுப்பினரைத் தேடுகிறோம்!

மறுப்புகளும் விடைகளும்

"வரி கட்டுகிறோமே, நாம் ஏன் செய்ய வேண்டும்?" என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. நகராட்சியின் கடமையை நம் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. தெருவின் வேலையைத் தெரு செய்துவிட்டு, நகராட்சியின் வேலையை நகராட்சியிடம் கேட்டு வாங்குவதே வழி. கேட்பதற்கும் கருவிகள் இருக்கின்றன. 2005-இன் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் குறித்த நாளுக்குள் சேவை தர வேண்டும் என்கிற 'சகாலா' சட்டம் இருக்கிறது. ஒருவர் போட்ட மனு குப்பையில் விழலாம். முப்பது வீட்டுக் கையெழுத்தோடு, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு, மாதா மாதம் போய் நினைவூட்டும் மனு அப்படி விழாது.

"எங்களுக்கு நேரம் ஏது?" என்பது இரண்டாவது. இது உண்மையான சிரமம். விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். ஊர் அவர்களுக்குப் படுத்து எழும் இடமாகிவிட்டது. ஆனால் அதே சீசன் டிக்கெட்காரர்களைப் பாருங்கள். தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிறார்கள். இடம் பிடித்து வைக்கிறார்கள். ஒருவர் நான்கு நாள் வராவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். பெட்டியில் முடிந்தது தெருவில் முடியாதா? மாதம் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் போதும். பகலில் ஊரில் இருப்பவர்கள் பெண்களும் ஓய்வு பெற்றவர்களும். அன்றாடப் பொறுப்பு இயல்பாகவே அவர்களிடம்தான் இருக்க வேண்டும்.

பணம்? வீட்டுக்கு வாரம் 20 ரூபாய் என்று வையுங்கள். முப்பது வீட்டுக்கு வாரம் 600 ரூபாய். ஆண்டுக்கு 31,200 ரூபாய். ஒரு தெருச் சாக்கடையைத் தூர்வாரி மூடி போடவோ, இருட்டான மூலைக்கு விளக்குப் போடவோ, அவசரத்துக்கு ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவோ இது தொடக்கத்துக்குப் போதும். சீட்டுப் போட்டுக் கல்யாணமே நடத்துகிற நம் பெண்களுக்கு இந்தக் கணக்கு பெரிதல்ல. வரவு செலவைத் தெருமுனையில் ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. பலகை எழுதாத மாதம் வசூலும் கிடையாது என்று விதி வையுங்கள்.

மூன்றாவது சங்கடம் தலைவர்கள். ஒரு சங்கம் தொடங்கினால் தலைவர், துணைத் தலைவர் இருவர், கௌரவத் தலைவர், புரவலர் என்று பேனர் நிறைந்துவிடுகிறது. வேலை செய்ய ஆள் மட்டும் இல்லை. தேர்தல் நெருங்கினால் அந்தப் பேனர் ஒரு கட்சிக்குப் போய்விடுகிறது. இதற்கு மருந்து, பொறுப்பைச் சுழற்சியில் வைப்பது. தெருவுக்கு இரண்டு பேர்; அதில் ஒருவர் கட்டாயம் பெண்; ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். பட்டம் வேண்டாம், மாலை வேண்டாம்.

தெரு மொழி கேட்பதில்லை

தமிழ்ச் சங்க ஏட்டில் இதை எழுதத் தயக்கம் இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். தெருச் சங்கம் தமிழ்ச் சங்கமாக இருக்கக் கூடாது. ராபர்ட்சன்பேட்டையின் ஒரு கிராஸில் தமிழர் வீட்டுக்கு அடுத்து கன்னடர் வீடு, அதற்கடுத்து உருது பேசுகிறவர் வீடு, எதிரில் தெலுங்குக்காரர் வீடு. சாக்கடைக்கு இந்த வேற்றுமை தெரியாது. நாம் மட்டும் கூடித் தீர்மானம் போட்டால் அது பாதித் தெருவின் தீர்மானம். நகராட்சியில் அதற்குப் பாதி மதிப்புகூட இருக்காது. நம் மொழியைக் காக்கச் சங்கம் இருக்கிறது. நம் வாசலைக் காக்க அண்டை வீட்டார் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. எடுப்புக் கக்கூஸை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்குப் பின் பதினெட்டு ஆண்டு கழித்தும் தங்கவயலின் பழைய குடியிருப்புகளில் அது இருந்ததையும், மனிதர் கையால் அள்ளியதையும் 2011 வாக்கில் நாளேடுகள் எழுதின. அந்தத் துயரத்தை வெளியே கொண்டுவந்ததில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கும்தான் பெரும் பங்கு. அந்த வீடுகளுக்கு அக்கம்பக்கம் இல்லையா? இருந்தது. ஆனால் அக்கம்பக்கம் ஒரு சபையாகக் கூடவில்லை. கூடிய இடத்தில் அள்ளுகிறவருக்கு நாற்காலி இல்லை. நம் தெருவைக் கூட்டுகிறவர் உட்காராத தெருச் சங்கம் வெறும் வீட்டுக்காரர் சங்கமாகத்தான் இருக்கும். அயோத்திதாசரின் பெயரை உச்சரிக்கும் ஊர் அதைச் செய்யலாகாது.

சங்கம் செய்ய வேண்டியது

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம்மவர் பலருக்குத் தங்கவயல் மீது பாசம் குறையவில்லை. விழா வைத்து நோட்டுப் புத்தகமும் போர்வையும் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் அதுவும் கம்பெனிக் காலத்துப் பழக்கத்தின் தொடர்ச்சியே: ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வரிசையில் நிற்பவர். அதற்குப் பதிலாக வேறு விதமாக உதவலாம்.

முதலில், என்ன இல்லை என்று கணக்கெடுப்பதை விட்டு, என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க உதவுங்கள். அமெரிக்காவில் ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் என்ற இருவர் 1993-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்துவது இதைத்தான். நம் தெருக்களில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் இருக்கிறார், எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் இருக்கிறார், கணக்கு வாத்தியார் இருக்கிறார், பி.ஈ.எம்.எல். தொழிற்சாலையில் கை பழகியவர் இருக்கிறார். ஒரு நோட்டில் அவர்கள் பெயரை எழுதினாலே ஊரின் சொத்து எவ்வளவு என்று தெரியும்.

இரண்டாவது, தொழில் அறிவைக் கொடுங்கள். ஆறு அங்குலக் குழாய் போட்டால் நூறு அடிக்கு ஒரு அடி சாய்வு வேண்டும் என்பது ஒரு டிப்ளமோக்காரருக்குச் சாதாரண விஷயம். அது தெரியாமல் போட்ட குழாய் முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும். கன்னடத்தில் பிழையில்லாமல் மனு எழுதித் தருவதும் பெரிய உதவியே.

மூன்றாவது, பணம் கொடுப்பதானால் தெரு தன் பங்கைப் போட்ட பிறகு கொடுங்கள். அதுவும் அவர்கள் தீர்மானித்த வேலைக்கே கொடுங்கள். உங்கள் பெயர்ப் பலகைக்காகக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருங்கள். கேட்டால் பேசுங்கள்.

தங்கவயலிலிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே போனது என்கிறார்கள். நமக்கு மிஞ்சியது சயனைடு மண் மேடுகளும், ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குணமும். காற்று வீசும் நாளில் அந்த மேட்டு மண் நம் தட்டிலும் தொட்டிலிலும் விழுகிறது. அதை ஒரு தெரு மட்டும் தடுக்க முடியாது. பல தெருக்கள் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் சாக்கடை மூடிக்கே கூடாத தெருக்கள் அந்தப் பெரிய கேள்விக்கு எப்படிக் கூடும்? ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஊர் கூடுவதற்கு முன் தெரு கூட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இடப்பக்கத்து வீட்டையும் வலப்பக்கத்து வீட்டையும் அழைத்து உட்காருங்கள். மூன்று வீடு போதும் தொடங்குவதற்கு.